‘இப்ப ஓகே சார்’: விக்கியில் எஸ்எஸ்ஓ லாகின் விட்டுவிட்டுத் தோற்றால் எங்கே தேடுவது?

எஸ்எஸ்ஓ, அதாவது ஒரே பாஸ்வேர்டில் அலுவலகத்தின் எல்லாத் தளங்களையும் திறக்கும் ஏற்பாடு, இருக்கும் இடம். “சார், விக்கிக்குள்ள போக முடியலை” என்று டிக்கெட் வரும். நீங்கள் உங்கள் கணினியில் போட்டுப் பார்ப்பீர்கள், ஒரே சொடுக்கில் உள்ளே போய்விடும். பத்து நிமிடம் கழித்து அவரே “இப்ப ஓகே சார், தேங்க்ஸ்” என்று எழுதுவார். டிக்கெட்டை மூடிவிடுவீர்கள். மறுநாள் வேறொருவர் அதையே எழுதுவார். வீட்டில் ஓடாமல், ரிப்பேர் கடையில் மட்டும் ஒழுங்காகச் சுற்றும் மிக்ஸி மாதிரி.

அந்த “இப்ப ஓகே”தான் உங்கள் கையில் இருக்கும் ஆகச் சிறந்த துப்பு. முதல் முறை தோற்றது இரண்டாம் முறை ஏன் ஜெயித்தது? நடுவில் யாரும் எதையும் சரிசெய்யவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது: பதில் சொன்ன சர்வர், பிரவுசரில் இருந்த குக்கி, கடிகாரம், அல்லது அந்த ஆள் பாஸ்வேர்டு அடிக்க எடுத்துக்கொண்ட நேரம். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த மாறிய பொருளைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

நான் எடுத்துக்கொள்வது மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருள். அதன் மேல் வெளி லாகினை இணைக்கும் பிளக்கபிள்ஆத் நீட்சி, சாம்ல் என்ற லாகின் நெறிமுறையைக் கவனிக்கும் சிம்பிள்சாம்ல்பிஎச்பி, எதிர்ப்பக்கம் ஒரு ஐடிபி, அதாவது பாஸ்வேர்டு கேட்கும் மத்திய சர்வர். 2016இல் வந்த 1.27 பதிப்பில்தான் மீடியாவிக்கியின் லாகின், செஷன் பகுதிகள் முழுதாக மாற்றி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய காலத்து அறிவுரைகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன, அவற்றை அப்படியே பின்பற்றாதீர்கள். சாம்லுக்குப் பதிலாக ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற நெறிமுறை வைத்திருப்பவர்களுக்கு எங்கே வித்தியாசம் என்று ஆங்காங்கே சொல்கிறேன். வேறு விக்கி மென்பொருளாக இருந்தாலும் அமைப்புகளின் பெயர்தான் மாறும், நோய் ஒன்றே.

முதலில் பாதையை ஒரு தாளில் வரையுங்கள்

பயனர் விக்கியில் ‘லாகின்’ அழுத்துகிறார். விக்கிப் பக்கம் ஒரு செஷனை, அதாவது அவரைப் பற்றிய தற்காலிகக் குறிப்பை, தொடங்கி, அதற்கான அடையாளச் சீட்டாக பிரவுசரிடம் குக்கி ஒன்றைக் கொடுத்து, “இந்த எண்ணுள்ள கோரிக்கையை அனுப்பினேன்” என்று குறித்து வைத்துக்கொண்டு அவரை ஐடிபிக்குத் திருப்பி விடுகிறது. அங்கே பாஸ்வேர்டு, ஓடிபி. பிறகு ஐடிபி ஒரு கையெழுத்திட்ட பதிலை பிரவுசரிடம் கொடுக்க, பிரவுசர் அதை விக்கிக்கு ‘போஸ்ட்’ முறையில் கொண்டுவந்து சேர்க்கிறது. சிம்பிள்சாம்ல்பிஎச்பி கையெழுத்து, நேரம், யாருக்கான பதில், எந்தக் கோரிக்கைக்கான பதில் என்று சரிபார்க்கிறது. கடைசியாக மீடியாவிக்கி தன் செஷனை எடுத்து, பயனர் கணக்கைக் கண்டுபிடித்து அல்லது உருவாக்கி, உள்ளே விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விக்கி இரண்டு முறை ‘நினைவு’ வைத்துக்கொள்கிறது. சிம்பிள்சாம்ல்பிஎச்பிக்கு ஒரு செஷன், மீடியாவிக்கிக்கு ஒரு செஷன். விட்டுவிட்டு வரும் தோல்விகளில் பெரும்பாலானவை மறதி வியாதிதான்: போனபோது எழுதியதைத் திரும்பி வந்தபோது படிக்க முடியவில்லை. ‘ஸ்டேட் தொலைந்துவிட்டது’ என்ற பொருளில் சிம்பிள்சாம்ல்பிஎச்பி பிழை காட்டினாலும், ‘லாகின் செஷனில் சிக்கல், பாதுகாப்புக்காக ரத்து செய்கிறோம்’ என்று மீடியாவிக்கி சொன்னாலும் சேதி ஒன்றுதான். எது சொன்னது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நினைவு தவறியது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புகாரை ஆதாரமாக மாற்றுங்கள்

எந்த அமைப்பிலும் கை வைக்கும் முன் ஒரு விரிதாள் திறந்து, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதுங்கள்: விநாடி வரை நேரம், யார், எந்த பிரவுசர், அலுவலகத்திலிருந்தா வீட்டிலிருந்தா, முகவரிப் பட்டையில் கடைசியாக இருந்த முகவரி, திரையில் வந்த வாசகம். கூடவே இரண்டு கேள்விகள்: “பாஸ்வேர்டு கேட்டதா, கேட்காமலே தோற்றதா?”, “அந்த நேரத்தில் எத்தனை டேப் திறந்திருந்தது?” இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதி வழக்குகள் இவற்றிலேயே தீர்கின்றன.

கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்ஸருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருந்தால், பதில் தந்தது எது என்று தெரிய வேண்டும். மீடியாவிக்கியில் ‘ஷோ ஹோஸ்ட்நேம்ஸ்’ அமைப்பை இயக்கினால் பக்கத்தின் மூலத்தில் சர்வர் பெயர் வரும். இல்லையென்றால் வெப் சர்வர் மென்பொருளான இஞ்சின்எக்ஸிலோ அப்பாச்சியிலோ ஒரு பதில் ஹெடரில் சர்வர் பெயரைச் சேர்த்து அனுப்புங்கள். மீடியாவிக்கியின் டீபக் லாக் பிரிவுகளில் ‘ஆதென்டிகேஷன்’, ‘செஷன்’, ‘பிளக்கபிள்ஆத்’ மூன்றையும் தனித்தனிக் கோப்புகளுக்குத் திருப்புங்கள். அந்தக் கோப்புகள் இணையத்தில் திறந்து பார்க்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

பிரவுசர் பக்கம், சாம்ல் பரிமாற்றத்தைக் காட்டும் சாம்ல்-டிரேசர் என்ற நீட்சி அருமையானது. பயனர் கணினியில் அதை நிறுவ முடியாவிட்டால், டெவலப்பர் டூல்ஸில் ‘லாகைப் பாதுகாத்து வை’ என்பதைத் தேர்வு செய்து, பிரவுசர் அனுப்பியது வாங்கியது எல்லாவற்றையும் பதிவு செய்யும் ஹார் கோப்பாகச் சேமிக்கச் சொல்லலாம். ஆனால் அதில் உயிருள்ள செஷன் டோக்கன்கள் இருக்கும். 2023 அக்டோபரில் லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் ஏற்றி வைத்திருந்த ஹார் கோப்புகளிலிருந்துதான் டோக்கன்களை எடுத்தார்கள். வாட்ஸப் குழுவில் ஹார் கோப்பைப் பகிரச் சொல்லாதீர்கள்.

தோல்வி விகிதம் பேசும்

இருபது வரி சேர்ந்ததும் விரிதாளைப் பாருங்கள். நான்கு சர்வர்கள் இருந்து, நான்கில் ஒரு முயற்சி தோற்றால், ஒரு சர்வர் மட்டும் கெட்டிருக்கிறது: பழைய சான்றிதழ், தப்பான கடிகாரம், விட்டுப்போன கட்டமைப்பு. மாறாக நான்கில் ஒன்று மட்டும்தான் ஜெயிக்கிறது என்றால், எழுதிய சர்வருக்கே திரும்பிப் போகும்போது மட்டும் நினைவு கிடைக்கிறது என்று பொருள். செஷன் அந்தந்த சர்வரிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. இரண்டு சர்வர்தான் என்றால் இரண்டு கணக்குமே பாதிப் பாதி என்று வந்து குழப்பும். அப்போது உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் விக்கியின் பெயரை ஒவ்வொரு சர்வருக்கும் நேரடியாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து முறை லாகின் செய்து பாருங்கள். தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக ஓடி, சேர்ந்தால் மட்டும் தோற்றால் செஷன் பிரச்சினை. ஒன்று தனியாகவும் தோற்றால் அதுதான் குற்றவாளி.

விகிதம் எதற்கும் ஒத்துவராமல், ஆளையோ நேரத்தையோ பிரவுசரையோ ஒட்டி நின்றால் குக்கி, கடிகாரம், கணக்கு பக்கம் போகலாம்.

கடிகாரம்

ஐந்து நிமிட வேலை, அதனால் முதலில் முடித்துவிடுங்கள். சாம்ல் பதிலில் ‘இதற்கு முன் செல்லாது’, ‘இதற்குப் பின் செல்லாது’ என்று இரண்டு நேரங்கள் இருக்கும். விக்கி சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், பதில் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தோன்றும். சிம்பிள்சாம்ல்பிஎச்பி அதை லாகில் வெளிப்படையாகவே எழுதும். அதன் புதிய பதிப்புகள் இயல்பாக 180 விநாடி வரை பொறுத்துக்கொள்ளும். வேறு பல நூலகங்களுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

எல்லா சர்வரிலும் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி ஓடுகிறதா, அதன் டிராக்கிங் கட்டளை காட்டும் விலகல் எவ்வளவு என்று பாருங்கள். ‘ஓடுகிறது’ என்பது போதாது, நேர சர்வரை உண்மையிலேயே எட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட விர்ச்சுவல் மெஷின்கள் கொஞ்ச நேரம் தப்பான மணியோடு உழைத்துவிட்டுப் பிறகு தாமாகத் திருந்துவதுண்டு. பேக்கப் ஓடும் நள்ளிரவை ஒட்டி மட்டும் புகார் வந்தால் இதை நினைவில் வையுங்கள். பொறுத்துக்கொள்ளும் விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போவது வைத்தியமல்ல.

செஷன் எங்கே வசிக்கிறது?

மீடியாவிக்கியின் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் ‘மெயின் கேஷ் டைப்’, ‘செஷன் கேஷ் டைப்’ என்ற இரண்டையும் பாருங்கள். வேகத்துக்காக மெயின் கேஷை ‘ஆக்ஸெல்’ என்று வைத்துவிட்டு, செஷனுக்குத் தனியாக எதுவும் சொல்லாமல் விட்ட விக்கிகள் ஏராளம். அப்போது செஷனும் ஏபிசியுவில் போய் உட்கார்ந்துவிடலாம். ஏபிசியு என்பது அந்த ஒரு சர்வரின் நினைவகம், பக்கத்து சர்வருக்கு அது தெரியாது. ஒரே சர்வர்தானே என்றும் நிம்மதி அடைய முடியாது. அதன் இயல்பு அளவு 32 எம்பி. நிரம்பினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அந்த நொடியில் ஐடிபி பக்கத்தில் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வரும்போது அந்நியர்கள். பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்தாலும் இதே கதி.

செஷனை டேட்டாபேஸுக்கோ, எல்லா சர்வரும் பகிரும் மெம்கேஷ்டி அல்லது ரெடிஸ் என்ற நினைவகச் சர்வருக்கோ மாற்றுங்கள். சிறிய விக்கிக்கு டேட்டாபேஸே போதும். மெதுவாக இருக்கும் என்ற பயம் ஆயிரக்கணக்கான பயனர்கள் இருக்கும் இடத்தில்தான் நியாயம்.

மெம்கேஷ்டி என்றால் இரண்டு சோதனைகள். ஒன்று, அதன் புள்ளிவிவரத்தில் ‘எவிக்‌ஷன்ஸ்’ எண் ஏறிக்கொண்டே போகிறதா? இயல்பு அளவு 64 எம்பிதான். பெரிய பக்கங்களின் கேஷ் உள்ளே வர வர, செஷன்கள் காலாவதி ஆகும் முன்பே வெளியே தள்ளப்படும். காலை பத்து மணிக்கு, எல்லாரும் விக்கியைத் திறக்கும் நேரத்தில் மட்டும் லாகின் தோற்கிறது என்றால் இங்கே பாருங்கள். செஷனுக்குத் தனி மெம்கேஷ்டி வைப்பது சுத்தமான தீர்வு. இரண்டு, பல மெம்கேஷ்டி சர்வர்கள் இருந்தால் அவற்றின் பட்டியல் ஒவ்வொரு வெப் சர்வரிலும் ஒரே வரிசையில் இருக்கட்டும். வரிசை மாறினால் ஒரே செஷனை ஒருவர் ஓரிடத்தில் தேட, இன்னொருவர் வேறிடத்தில் தேடுவார்.

அடுத்து சிம்பிள்சாம்ல்பிஎச்பியின் நினைவு. அதன் ‘ஸ்டோர் டைப்’ இயல்பாக பிஎச்பி செஷன். மீடியாவிக்கியோடு சேர்த்து ஓட்டும்போது அதை அப்படியே விடக் கூடாது. இரண்டும் ஒரே பிஎச்பி செஷன் வசதிக்குள் முட்டிக்கொள்ளும், சில பாதைகளில் மட்டும் தோற்கும். எஸ்க்யூஎல் அல்லது மெம்கேஷுக்கு மாற்றுங்கள்.

லோட் பேலன்ஸரில் ‘ஸ்டிக்கி’ போட்டால், அதாவது ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கே அனுப்பினால், எல்லாம் சரியாகிவிடுமே என்பார்கள். ஆகும், ஒரு சர்வரை எடுத்துவிட்டுப் பராமரிக்கும் நாள் வரை. நோயைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போட்டுப் பார்க்கலாம். நிலையான தீர்வாக வைத்துக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

குக்கி: இரண்டு நிமிட மர்மம்

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடிபியை உடனே அடிப்பவர்கள் உள்ளே போனார்கள். போனை மேசையில் வைத்துவிட்டு வந்து, எழுந்து போய் எடுத்து வருபவர்கள் தோற்றார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது, ஏனென்றால் “எவ்வளவு நேரம் எடுத்தீர்கள்?” என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

காரணம் இது. 2020 பிப்ரவரியில் வந்த க்ரோம் 80இலிருந்து, வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ குறிப்பு இல்லாத குக்கியை அந்த பிரவுசர் ‘லாக்ஸ்’ என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. லாக்ஸ் குக்கி, வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையோடு சேர்ந்து வராது. சாம்ல் பதிலோ ஐடிபி தளத்திலிருந்து போஸ்டாகத்தான் வருகிறது. அப்படியென்றால் எல்லாருக்கும் அல்லவா உடைந்திருக்க வேண்டும்? உடையாமல் இருக்க க்ரோம் ஒரு சலுகை வைத்தது: குறிப்பே இல்லாத குக்கி, பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் போஸ்டோடு போகலாம். அந்தச் சலுகைதான் நேரடித் தோல்வியை விட்டுவிட்டு வரும் தோல்வியாக மாற்றிவிட்டது.

இப்போது “இப்ப ஓகே சார்” எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் முயற்சியில் பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். குக்கி வரவில்லை, விக்கிக்கு நினைவு இல்லை, தோல்வி. அந்தத் தோல்விப் பக்கத்திலேயே புதிய செஷன் குக்கி ஒன்று பிறந்துவிடும். பயனர் மறுபடி அழுத்துகிறார். ஐடிபி அவரை ஏற்கெனவே அறிந்திருப்பதால் பாஸ்வேர்டு கேட்காமல் ஒரு விநாடியில் திருப்பி அனுப்புகிறது. புதுக் குக்கி, இரண்டு நிமிடத்துக்குள். வெற்றி. இன்காக்னிட்டோவில் ஓடுவதும் இதே காரணத்தால்தான். பயர்பாக்ஸிலோ சஃபாரியிலோ இந்தத் தோல்வியே தெரியாமல் போகலாம்.

சோதனை எளிது. க்ரோமில் எல்லாக் குக்கிகளையும் அழித்துவிட்டு, இரண்டு தளங்களிலும் புதிதாக லாகின் தொடங்குங்கள். ஒருமுறை முப்பது விநாடியில் முடியுங்கள். இன்னொரு முறை பாஸ்வேர்டு பக்கத்தில் மூன்று நிமிடம் காத்திருந்து முடியுங்கள். முதலாவது ஜெயித்து இரண்டாவது தோற்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

தீர்வு: சிம்பிள்சாம்ல்பிஎச்பியின் செஷன் குக்கிக்கு சேம்சைட் மதிப்பை ‘நன்’ (None) என்றும், ‘செக்யூர்’ குறிப்பை ‘ஆம்’ என்றும் வையுங்கள். செக்யூர் இல்லாத நன்னை பிரவுசர் தூக்கி எறிந்துவிடும். டிஎல்எஸ் குறியாக்கத்தை முன்னால் இருக்கும் பிராக்ஸியே அவிழ்த்துவிட்டால், பின்னால் உள்ள பிஎச்பி தன்னை வெறும் எச்டிடிபி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எனவே அதன் ‘பேஸ் யூஆர்எல் பாத்’ அமைப்பில் எச்டிடிபிஎஸ்ஸோடு முழு முகவரியையும் கொடுங்கள்.

ஓப்பன்ஐடி கனெக்ட் பொதுவாகத் திருப்பிவிடும் முகவரியிலேயே ‘கோட்’ (code) என்ற குறியீட்டைக் கொண்டுவருவதால் இந்த வலையில் சிக்காது. ஆனால் பதிலை ‘ஃபார்ம் போஸ்ட்’ முறையில் அனுப்பும்படி வைத்திருந்தால் அதுவும் சிக்கும்.

டேப்களும் புக்மார்க்குகளும்

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் பிரவுசர் பழைய டேப்கள் பதினைந்தையும் மீட்கிறது. அதில் ஆறு விக்கிப் பக்கங்கள். பிளக்கபிள்ஆத்தில் தானியங்கி லாகின் இயக்கியிருந்தால் ஆறும் ஒரே நேரத்தில் ஐடிபிக்கு ஓடும். ஒன்றின் குறிப்பை மற்றொன்று அழிக்கும். அப்பாச்சியில் மாட்-ஆத்-ஓப்பன்ஐடிசி என்ற ஓப்பன்ஐடி கனெக்ட் நீட்சி வைத்திருப்பவர்களுக்கு முடிக்கப்படாத லாகின்களின் குக்கி எண்ணிக்கைக்கு இயல்பு வரம்பு 7, ஒவ்வொன்றின் ஆயுள் 300 விநாடி. பக்கத்தைப் பார்க்க லாகின் கட்டாயமில்லாத விக்கியில் தானியங்கி லாகினை நிறுத்திவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் மைக்ரோசாஃப்டின் ஐடிபியான ஏடிஎஃப்எஸ் என்றால், ஒரே பிரவுசரிலிருந்து சில விநாடிகளுக்குள் ஆறு கோரிக்கை வந்தால் ‘சுற்றிச் சுற்றி வருகிறது’ என்று அதுவே கதவை மூடும். அந்தப் பிழையைப் பார்த்து ஐடிபி குழுவோடு சண்டைக்குப் போகாதீர்கள். சுற்ற வைத்தது உங்கள் விக்கிதான்.

புக்மார்க் கதை இன்னும் எளிது. பயனர் விக்கியை அல்ல, பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தைப் புக்மார்க் செய்திருப்பார். அந்த முகவரிக்குள் என்றோ காலாவதியான கோரிக்கை இருக்கும். புகார் செய்யும் ஆள் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், போய் அவர் பக்கத்தில் நின்று, எதை அழுத்துகிறார் என்று பாருங்கள்.

முகவரியும் சாவியும்

விக்கிக்கு எத்தனை பெயர்கள்? அலுவலகத்துக்குள் வெறும் ‘விக்கி’ என்று அடித்தாலே திறக்கும், வெளியே முழு டொமைன், சிலர் முன்னால் டபிள்யூ மூன்றைச் சேர்த்து வருவார்கள். ஐடிபி திருப்பி அனுப்புவது ஒரே முகவரிக்கு. வேறு பெயரில் தொடங்கியவரின் குக்கி அந்தப் பெயரோடு நின்றுவிடும். மற்றப் பெயர்களை எல்லாம், லாகினுக்கு முன்பே, ஒரே முகவரிக்குத் திருப்பி விடுங்கள். மீடியாவிக்கியின் ‘சர்வர்’ அமைப்பும் அதே முகவரியாக இருக்கட்டும்.

பதில்களில் கையெழுத்திடும் சாவியை மாற்றும்போது ஏடிஎஃப்எஸ், இயல்பு அமைப்பில், சான்றிதழ் முடிய 20 நாள் இருக்கும்போது புதியதை உருவாக்கி, 5 நாள் கழித்து அதையே முதன்மையாக்கும். அந்த ஐந்து நாளில் உங்கள் எல்லா சர்வர்களும் அந்தப் புதிய சான்றிதழ் அடங்கிய மெட்டாடேட்டாவை எடுத்திருக்க வேண்டும். கையால் கோப்பை நகலெடுக்கும் இடங்களில் ஒரு சர்வர் விட்டுப்போகும். நான்கில் ஒன்று தோற்கும் வழக்கு இப்படித்தான் பிறக்கிறது.

கணக்கு

ஐடிபி சரியென்று சொல்லி, சாம்ல் சரிபார்ப்பும் தாண்டி, கடைசிப் படியில் தோற்றால் இங்கே வாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தோல்வி என்றால், பொதுப் பயனர்களுக்கு ‘கணக்கைத் தானாக உருவாக்கு’ உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலையே பயனர் பெயராக அனுப்புகிறீர்களா? புதுக் கணக்கின் பெயரில் ‘@’ குறியை மீடியாவிக்கி இயல்பாக ஏற்காது.

கணக்கு உருவாக்கும்போது டேட்டாபேஸ் ஒரு நொடி தடுமாறி பிழை (எக்ஸெப்ஷன்) எழுந்தால், மீடியாவிக்கி அந்தப் பெயரை 600 விநாடிக்கு ஒதுக்கி வைக்கும். அதற்குள் எத்தனை முறை முயன்றாலும் தோல்வி, பத்து நிமிடம் கழித்துத் தானாகச் சரி. “டீ குடிச்சிட்டு வந்தேன், ஓகே ஆயிடுச்சு” என்று ஒரு புது ஊழியர் சொன்னால் சிரிக்காதீர்கள், லாகில் அந்தப் பத்து நிமிடத்தின் தொடக்கத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று: ஒருவருக்கு ஊழியர் டைரக்டரியில் இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தால், அதைப் படிக்கப் பயன்படும் எல்டாப் அவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் மதிப்பை அடையாளமாக எடுக்கும் விக்கி அவரை இன்று ஒரு கணக்கிலும் நாளை இன்னொன்றிலும் விடும். ஒரே மதிப்புள்ள, மாறாத பணியாளர் எண் போன்ற ஒன்றை அடையாளமாக வையுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பத்தில் ஒன்று தோற்றுக்கொண்டிருந்த லாகினைத் திருத்திவிட்டு, பத்து முறை முயன்று பத்தும் ஜெயித்தால் கொண்டாடிவிடாதீர்கள். எதையுமே திருத்தாமல் இருந்திருந்தாலும் அப்படி நடக்க 35 சதவீத வாய்ப்பு உண்டு. முப்பது முறை தொடர்ந்து ஜெயித்தால் அது சுமார் 4 சதவீதமாகக் குறையும். ஒவ்வொரு முறையும் குக்கிகளை அழித்து, முழுப் பாதையையும் நடந்து பார்க்க வேண்டும். குக்கிதான் காரணம் என்றால் பாதி முயற்சிகளில் பாஸ்வேர்டு பக்கத்தில் வேண்டுமென்றே மூன்று நிமிடம் சும்மா இருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியானால், அடுத்த அப்கிரேடில் எதைத் தொடக் கூடாது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு விரிதாளில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேளுங்கள், “இப்ப ஓகே” என்று ஏற்கெனவே சொன்னவர்களையும் சேர்த்து. ஒரு வாரம் புகார் வரவில்லை என்றால் டீபக் லாக்குகளை நிறுத்தி, சேர்ந்த கோப்புகளையும் ஹார் கோப்புகளையும் அழித்துவிட்டு டிக்கெட்டை மூடுங்கள்.